லோர்னாவின் ஆட்காட்டி விரல்

ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை எழுத்தாளர்களும் பல்கலைக்கழக இலக்கியத் துறையும் கிரிக்கெட்டில் மோதுவார்கள். மதிப்புரைகளில் வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்க எழுத்தாளர்களுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை.

பேராசிரியை லோர்னா டிரிஸ்கல் மட்டும் எந்த அணியிலும் சேர்த்தியில்லை. பாடம் நடத்திக்கொண்டே நாவல்களும் எழுதினாளே, அதுதான் வினையாகப் போயிற்று. எழுத்தாளர்கள் அவளை டீச்சரம்மா என்றார்கள், துறைக்காரர்கள் கதைக்காரி என்றார்கள். தேநீர் இடைவேளைக்கு லாமிங்டன் கேக் செய்து வரச் சொல்ல மட்டும் இரண்டு பக்கமும் மறந்ததில்லை. எழுத்தாளர் அணியில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்பது அவளுடைய தீராத ஆசை.

இந்த வருடம் அவளுடைய புது நாவல் வந்தது. துறைத் தலைவன் நெவில் ஹார்க்கின் சிட்னி பத்திரிகையில் அதைக் கிழித்துத் தொங்கவிட்டான். கதை நூறு பக்கம் முன்பே முடிந்துவிட்டதாம், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சும்மா இழுத்திருக்கிறாளாம். எழுதிவிட்டு மறுநாளே அவள் அறைக்கு வந்து அவள் பிஸ்கட்டை எடுத்துத் தின்றான். லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தமுறையாவது ஆடவிடு என்று எழுத்தாளர் அணித் தலைவன் ரெக்ஸ் மோரிசியிடம் கேட்டாள். ஆள் நிரம்பிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றான். ஒவ்வொரு வருடமும் அவன் சொல்வதுதான்.

பந்தயத்தன்று காலையில் நடுவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எந்தப் பக்கமும் சேராத ஆள் யார் என்று இரண்டு அணிகளும் தேடி, கேக் டப்பாவோடு நின்ற லோர்னாவின் தலையில் வெள்ளைத் தொப்பியை வைத்தன.

கடைசியில் துறைக்கு வேண்டியது நாலு ரன், மிச்சம் ஒரே விக்கெட். மட்டையோடு நின்றது நெவில். ஆடித் தொலைத்தானா என்றால் இல்லை. கையுறையைக் கழற்றினான், மாட்டினான், தண்ணீர் குடித்தான், வருகிற பந்தையெல்லாம் தட்டித் தட்டி வைத்தான். யூகலிப்டஸ் மர நிழலில் பாதிப் பேர் தூங்கிப்போனார்கள்.

பந்து வீச வந்த ரெக்ஸ் அவள் காதோரம் குனிந்தான்.

"அடுத்த வருஷம் உனக்கு நிச்சயம் இடம் உண்டு, லோர்னா. நீ யார் பக்கம்னு மட்டும் மனசுல வச்சுக்க."

பந்து நெவிலின் காலில் பட்டது. எழுத்தாளர்கள் மொத்தமாகக் கத்தினார்கள். ஸ்டம்பில் பட்டிருக்குமா, விலகிப் போயிருக்குமா? லோர்னாவுக்கே தெரியவில்லை. சந்தேகம் வந்தால் மட்டையாளருக்குச் சாதகம் என்கிற விதி மட்டும் நன்றாகத் தெரியும்.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நெவிலின் கண்ணில் கெஞ்சல்கூடத் தெரிந்தது. அவள் எப்படி முடிக்கப்போகிறாள் என்று இத்தனை பேர் ஒன்றாகக் காத்திருந்தது அவள் வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது. ஆசை தீர அனுபவித்துவிட்டு, அவுட் என்று விரலைத் தூக்கினாள்.

"அது வெளியே போற பந்து, லோர்னா," என்றான் நெவில்.

"போயிருக்கலாம். ஆனா நீ எப்பவோ முடிஞ்சுட்ட, நெவில். சும்மா இழுத்துக்கிட்டிருந்த."

ரெக்ஸ் பீர் கொண்டுவந்து கொடுத்து, வாக்குக் கொடுத்த இடம் அவளுக்குத்தான் என்றான். இடம் வேண்டாம், நடுவர் தொப்பியை நானே வைத்துக்கொள்கிறேன் என்றாள் லோர்னா.

கொஞ்ச நேரம் கழித்து நெவில் வந்தான். அவள் செய்த கேக்கையே ஒரு தட்டில் எடுத்துவந்து அவளிடம் நீட்டினான்.

"அடுத்த நாவல் எப்போ வருது?"

"அடுத்த மேட்சுக்கு ஒரு வாரம் முன்னாடி. இதைவிட இருநூறு பக்கம் ஜாஸ்தி."

நெவில் அவள் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்தான்.

"விரிவா எழுதினாத்தான் நல்லாருக்கும்," என்றான்.