இடது மட்கார்டு

அவளைத் தெருவில் எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் ஒரு கூடத்தில் இருபத்தாறு வருட வேலை. பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகும்படி புதுப் பல்லுக்கு வயதேற்றுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. காபிக் கறை, புகைக் கறை, ஓரத்தில் மயிரிழையாய் ஒரு விரிசல், எல்லாவற்றையும் தூரிகை நுனியால் வைத்துவிடுவாள். வாய்க்குள் போனபின் எது சொந்தப் பல், எது வைத்த பல் என்று டாக்டருக்கே குழம்பும்.

அந்தக் கையோடுதான் அப்பாவின் பழைய பிக்கப் வண்டியைச் சின்னதாகச் செய்ய உட்கார்ந்தாள்.

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. வண்டி அதற்கு வெகுகாலம் முன்பே உடைத்து எடைக்குப் போட்டாகிவிட்டது. அதே ரக வண்டியை இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் செய்யும் பெட்டி ஒன்று, ஒரு கடைக் கண்ணாடிக்குள் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. பார்த்தவள் நின்றுவிட்டாள். பதினைந்து வயதிலிருந்து அப்பாவிடம் அவள் முகம் கொடுத்துப் பேசியதில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்கூட மாத்திரை போட்டாயிற்றா என்பதைத் தாண்டி வாய் வரவில்லை. வண்டியையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து வேலை நடந்தது. எதிரில் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். வீட்டில் அவர்கள் இருவர்தான்.

உடலை ஒட்டி முடித்ததும் முழுவதற்கும் துரு நிறம் பூசினாள். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே. அது காய்ந்தபின் வண்டியின் பச்சை. பிறகு தூரிகையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால், அடியிலிருக்கும் ஸ்ப்ரே இளகி, மேல் பச்சை செதில் செதிலாக உதிரும். உள்ளே துரு தெரியும். கதவின் கீழ் விளிம்பில், பின்பலகையின் மூலைகளில், மூட்டை உரசும் இடங்களில் ஒரு பல்குச்சியால் சுரண்டிச் சுரண்டி, அந்த வண்டி பட்ட பாட்டையெல்லாம் திரும்பக் கொண்டு வந்தாள்.

பார்த்துச் செய்ய ஒரே ஒரு போட்டோ இருந்தது. அதில் இடது முன் மட்கார்டு மட்டும் வேறு பச்சை. போட்டோவில் அந்த வித்தியாசம் வேறு யார் கண்ணுக்கும் படாது. பல்லக்காவுக்குத் தெரிந்தது. நாள் முழுக்க வெள்ளையில் பதினாறு வெள்ளை பிரிக்கிற கண் அது.

"அம்மா, இந்த மட்கார்டு மாத்தினதா?"

"எந்த மட்கார்டு?"

"இடது பக்கம். இது மட்டும் வெளுக்கவே இல்லை பாரு."

அம்மா போட்டோவைப் பார்க்கவில்லை. "பழைய வண்டின்னா ஆயிரம் மாத்துவாங்க," என்று சொல்லிவிட்டு நறுக்கிய பீன்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அப்படியென்றால் அந்த மட்கார்டு உதிரக் கூடாது. புதிதாக, பளிச்சென்று இருக்க வேண்டும். அதை மட்டும் துரு நிறம் வரை கழுவி, ஸ்ப்ரே அடிக்காமல் நேராகப் பச்சை பூசி மூடினாள். அடுத்த ஞாயிறு எடுத்துப் பார்த்தால், ஒரு சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பச்சை போய், துரு எட்டிப் பார்த்தது. சொரசொரப்புத் தாளால் தேய்த்து மறுபடி பூசினாள். மறுபடியும் போனது. அதே இடம், விளக்குக்குப் பக்கத்தில். துருவுக்கென்று அவள் கலந்த நிறத்தில் கொஞ்சம் சிவப்பு தூக்கல். காய்ந்த எதையோ பார்ப்பது போலிருந்தது. மேசையில் வண்டியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகும்போது முதுகில் யாரோ பார்ப்பது போல் உணர்ந்தாள். ஒரு துணியை எடுத்து வண்டியை மூடினாள். மூடியபின் அது இன்னும் மோசமாக இருந்தது. யாரையோ துணி போர்த்திக் கிடத்தியதைப் போல.

மூன்றாவது முறை உரிந்ததும் வேலை பார்க்கும் கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போனாள். அங்கே மெழுகு வேலை பார்ப்பவரை எல்லோரும் மெழுகார் என்பார்கள். வாய்க்கு ஓய்வே கிடையாது. சாப்பாட்டு இடைவேளையில் அவரிடம் காட்டினாள்.

"சொத்தைப் பல்லு மாதிரி இருக்கே. வேர் சிகிச்சை பண்ணிடலாமா?"

"விளையாடாதீங்க. ஏன் உரியுதுன்னு சொல்லுங்க."

மெழுகார் வண்டியை வாங்கவில்லை. "நீங்களே பிடிங்க. வேலை செய்யுறப்ப எப்படிப் பிடிப்பீங்களோ அப்படி." பிடித்தாள். அவர் அவள் கையைச் சுட்டினார். "பாருங்க. கட்டைவிரல் எங்க இருக்கு? பெயிண்ட் காயறதுக்கு முன்னாடியே அந்த இடத்தைத் தேச்சுக்கிட்டே இருக்கீங்க. இப்பக்கூட."

குனிந்து பார்த்தாள். இடது கையின் கட்டைவிரல் மட்கார்டின்மேல், விளக்குக்குப் பக்கத்தில், மெல்ல வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அது தன் விரல்தான் என்று நம்ப ஒரு கணம் பிடித்தது. நிறுத்து என்று தனக்குள் சொன்ன பிறகுதான் நின்றது.

அந்தக் கணத்தில் எல்லாம் வந்துவிட்டது. அவளுக்குப் பதினோரு வயது. பள்ளி விடுமுறை, உச்சி வெயில். அப்பா வண்டியை வாசலில் நிறுத்தாமல் வீட்டுக்குப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். செருப்பைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார். "கண்ணு, ஒரு பக்கெட் தண்ணி கொண்டாந்து முன்பக்கம் கழுவும்மா. நல்லா தேய்க்கணும்." இடது மட்கார்டு உள்ளே போயிருந்தது. துணியால் போகாததை அவள் கட்டைவிரலால் தேய்த்தாள். "என்னப்பா இது?" என்று கேட்டாள். "கன்னுக்குட்டி குறுக்க வந்துடுச்சு." விளக்கு வளையத்தில் மாட்டியிருந்த மஞ்சள் துணிக் கிழிசலையும் அவள்தான் உருவி எடுத்தாள். கன்றுக்குட்டி சட்டை போடாது என்று அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்ததை எங்கேயோ வைத்துவிட்டு இத்தனை காலம் வளர்ந்துவிட்டாள்.

அன்று அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு அப்பா வண்டிய யாரு மேல ஏத்தினாரு?"

அம்மா கையிலிருந்த போர்வையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"கடிகாரம் ரிப்பேர் பாக்குறவரு. சைக்கிள்ல வந்தாராம். வளைவுல நடந்துச்சாம், அதுக்கு மேல அவரு ஒண்ணும் சொல்லலை. இவரு நிக்காம வந்துட்டாரு. மறுநாள்தான் தெரிஞ்சுது, ஆளு அங்கேயே போயிட்டாருன்னு."

"போலீஸ்?"

"யாரும் பாக்கலை. உங்கப்பா போறேன் போறேன்னு சட்டையை மாட்டுவாரு, கழட்டுவாரு. நான்தான் கையைப் பிடிச்சேன். இந்தப் புள்ளைய வெச்சுக்கிட்டு நான் எங்க போய் நிப்பேன்னு அழுதேன்." போர்வையைக் கூடையில் வைத்தாள். "அப்புறம்தான் அந்தத் தண்ணி."

அந்தத் தண்ணீர் பல்லக்காவுக்கு நினைவிருந்தது. ஞாயிறு தவறாமல் அப்பா நான்கு டிரம்மில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு தனியாகப் போவார். எங்கே என்று சொல்ல மாட்டார். சின்ன வீடு வைத்திருக்கிறார் என்று தெருவே சொன்னது. பதினைந்து வயதில் வகுப்புத் தோழி ஒருத்தி அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்துதான் அவள் அப்பாவோடு பேசுவதை நிறுத்தியது.

"அது அந்தக் கடிகாரக்காரர் வீட்டுக்கா?"

"மேட்டுத் தெருவுல கடைசி வீடு. குழாய்ல தண்ணி ஏறாது. ஒம்பது வருஷம் கொண்டுபோய்க் கொடுத்தாரு."

"ஊரே சின்ன வீடுன்னு சொல்லுச்சேம்மா. நீ வாயே திறக்கலையே! நான் அவரை என்னன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் அம்மா. "அப்பன் ஒரு ஆளைக் கொன்னுட்டு ஓடி வந்தவன்னு நீ தெரிஞ்சுக்கறதுக்கு, சின்ன வீடு வெச்சவன்னு நெனைக்கறது தேவலைன்னு பட்டுது. அவருக்கும் அப்படித்தான் பட்டுது. ரெண்டு பேரும் பேசித்தான் விட்டோம்."

அம்மாவை அணைத்துக்கொள்ளவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. துணிக்கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு காலை வண்டியை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போனாள். கடைசி வீட்டின் முன்னறை ஜெராக்ஸ் கடையாகியிருந்தது. மெஷினுக்குப் பின்னால் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் நின்றிருந்தாள். கடிகாரக்காரரின் மகளாகத்தான் இருக்க வேண்டும்; அப்பாவை இழந்தபோது அவளுக்கு ஆறு வயது இருந்திருக்கும்.

பெட்டியைத் திறந்ததுமே அவள் முகம் மலர்ந்தது. "அட! இது எங்க தண்ணி வண்டி! ரெண்டு தடவை ஹாரன் அடிப்பாரு. இறங்கி ஒரு வாய் காபி குடிக்க மாட்டாரு. வீட்டைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு."

"அவரு எங்கப்பா." பல்லக்கா பெட்டியை மேசையில் வைத்தாள். வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. "உங்கப்பா சாவுக்கு எங்கப்பாதான் காரணம். எனக்கே இந்த வாரம்தான் தெரியும்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதை நிறுத்தினாள்.

"எங்களுக்குத் தெரியும்," என்றாள். "ரெண்டாவது வாரமே எங்கம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. வண்டி முழுக்கப் பழசு, ஒரு மட்கார்டு மட்டும் புத்தம்புதுசு. எவன் சும்மா தண்ணி கொண்டாருவான்?"

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"கேட்டா வண்டி வராதே. தண்ணி வேணுமில்ல?" அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பல்லக்காவைக் கலங்கடித்தது. "அந்தத் தண்ணியிலதான் சமைச்சோம், அதுலதான் குளிச்சோம். குடிக்கறதுக்கு மட்டும் எங்கம்மா வேற எங்கேயாவது போய்த் தூக்கிட்டு வருவாங்க. சாகுற வரைக்கும் ஏன்னு சொல்லலை."

வண்டியைக் கையில் எடுத்து, துருவையும் சுரண்டல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இது தண்ணி கொண்டாந்த வண்டி. எனக்கு எங்கப்பா செத்த அன்னைக்கு இருந்த வண்டி வேணும். செஞ்சு தருவீங்களா?"

பல்லக்கா தலையாட்டிவிட்டு வண்டியை வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

மூன்று வாரம் ஆயிற்று. மட்கார்டைச் சூட்டில் காட்டி, மெழுகு செதுக்கும் கத்தியின் பின்புறத்தால் உள்ளே அழுத்தினாள். பிளாஸ்டிக் முனகியது. விளக்குக் கண்ணாடியை உடைத்தாள். இந்த முறை விரல் அந்த இடத்தைத் தேடிப் போகவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா ஒரே ஒருமுறை நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் மேலே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தப் பெண் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியை மேசையில் வைத்தாள். நசுங்கிய இடத்தைத் தொடவில்லை. முன்சக்கரங்களையே பார்த்தாள்.

"இது நேரா இருக்கே."

"அப்படித்தான் ஒட்டினேன்."

"அவரு திருப்பினாரா? எங்கப்பா வர்றதைப் பாத்து ஒரு பக்கமா ஒடிச்சாரா, இல்ல நேரா வந்துட்டாரா? எனக்கு அது மட்டும்தான் தெரியணும்."

"தெரியலை," என்றாள் பல்லக்கா. "யாருகிட்டயும் சொல்லலை. எங்கம்மாவுக்கும் தெரியாது."

"அப்ப ஒட்டாதீங்க."

பல்லக்கா பையிலிருந்து மெல்லிய கத்தியை எடுத்தாள். அச்சில் பசை பிடித்திருந்த இடத்தைப் பொறுமையாக அறுத்து, சக்கரங்களை விடுவித்துக் கொடுத்தாள். அந்தப் பெண் வண்டியைத் தன் பக்கம் திருப்பி, ஆள்காட்டி விரலால் சக்கரங்களை இடப்பக்கம் ஒடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நேராக வைத்தாள். பிறகு வலப்பக்கம் ஒடித்தாள். ஷட்டருக்கு வெளியே யாரோ நகல் எடுக்க வந்து தட்டினார்கள். அவள் நிமிரவில்லை.