பெரட்டுக்கு நேரமாச்சு

வேலாமணிக்கு வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டால் யாருக்கும் அவள்மேல் ஆத்திரம் வரும். அன்னூரிலிருந்து குன்னூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் போனபிறகு ஒண்டியாளாக நின்று, எஸ்டேட் முக்கில் பேக்கரி வைத்து, வர்க்கியும் டீயும் விற்றுப் பிழைக்கிறாள். சீசன் ரெண்டு மாசம் நல்லபடியாக ஓடினால்தான் மழைக்காலத்தைத் தள்ள முடியும்.

போன சீசனில்தான் அந்தக் கிழவர் வந்து சேர்ந்தார். காலை ஆறரைக்கு அவள் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலுக்கு நேராக நிற்பார். தலையில் கம்பளித் தொப்பி, முழங்கால்வரை காக்கிக் கோட்டு, கையில் குச்சி. "பெரட்டு! பெரட்டு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். அப்புறம் "மருதாயி!" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார். "சின்னம்மை!" மறுபடி காத்திருப்பார். "நெல்சன்!" இப்படி ஐந்து பேர். பதில் வராது. யார் சொல்வது? குச்சியால் தரையை ஓங்கித் தட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். டீ குடிக்க இறங்கின டூரிஸ்ட்காரர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு காரில் ஏறிவிடுவார்கள்.

வேலாமணி நயமாகத்தான் சொல்லிப் பார்த்தாள். "ஏனுங்க பெரியவரே, கொஞ்சம் அக்கட்டால போய் நில்லுங்க. யாவாரம் கெடுதுங்க." பன் கொடுத்தும் பார்த்தாள். வாங்கவில்லை. "மொதல்ல பெரட்டு, பொறகுதான் தீனி" என்று அவளையே ஏசினார்.

ஒரு மாசம் பொறுத்தாள். பக்கத்து செல்போன் கடைக் கீர்த்திவாசன்தான் யோசனை சொன்னான். "பெரட்டுன்னா வேற என்னங்க்கா? பெரட்டி எடுக்கறதுதான். பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிடறாரு பாருங்க, அந்த அஞ்சு பேரையும் அடிக்காம விடமாட்டாராட்ட இருக்குது. ஆன்லைன்ல ஒரு புகாரைத் தட்டி உட்ருவோம்." தட்டியும் விட்டான். 'பெயர் தெரியாத முதியவர் வேலையின்றிக் கடை முன் திரிகிறார். ஐந்து பேரைப் புரட்டி எடுக்கப் போவதாகக் குச்சியுடன் மிரட்டுகிறார்.'

"மெரட்டறாருன்னு போடோணுமாப்பா?" என்று கேட்டாள் வேலாமணி.

"அப்பத்தானுங்க்கா வருவாங்க."

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்து நினைத்துத்தான் இன்றைக்கும் அழுகிறாள்.

மறுநாள் காலையிலேயே ஜீப் வந்தது. ஏட்டு எட்மண்ட் நாகர்கோவில் பக்கத்து ஆள், மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. முரட்டு ஆள் இல்லை, கையைப் பிடித்துத்தான் ஏற்றினார். "பெரட்டு முடியலையே ஐயா" என்றார் கிழவர். வேலாமணி நாலு பன்னைக் கட்டி அவர் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டாள். அன்றைக்கு யாவாரம் அமோகம்.

அடுத்த நாள் காலை ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஃபேக்டரி ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, எங்கப்பாவப் பாத்தீங்களா? வடிவேல்னு பேரு, காக்கிக் கோட்டு. நேத்து காலையில போனவரு வீட்டுக்கே வரலை. நான் இந்துமதி, எஸ்டேட்டு மேல் லயத்து வீட்டுல இருக்கோம்."

வேலாமணி டீ ஆற்றுவதை நிறுத்தினாள். "பெரட்டு பெரட்டுன்னு..."

"அவருதான்! சிலோன்ல தோட்டத்துல வேலைக்கு முன்னாடி ஆளுங்கள நிறுத்திப் பேர் கூப்பிடறதுக்குப் பேருதான்க்கா பெரட்டு. 'இருக்கேன்'னு சொன்னாத்தான் அன்னிக்கு வேலை. இங்க வந்தும் முப்பது வருசம் கங்காணியா அதையேதான் செஞ்சாரு. உங்க கடை இருக்கே, இதுதான் பழைய பெரட்டுக்களம். அந்த அஞ்சு பேரும் அவருகிட்ட வேலை செஞ்ச கேங்கு. எல்லாரும் செத்துப் போயிட்டாங்க. மருதாயி எங்கம்மா."

வேலாமணி ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அவருக்கு இப்ப நினைவு சரியில்லைக்கா. தெனம் வீட்டு வாசல்ல நான் நின்னு அஞ்சு பேருக்கும் 'இருக்கேன்'னு சொல்லுவேன். அவ்வளவுதான், டீயக் குடிச்சிட்டுப் பேசாம படுத்துக்குவாரு. ஒரு மாசமா எனக்குக் காலை ஷிப்ட். சொல்ல ஆளில்லாம இங்க வந்திருக்காரு."

அஞ்சு தடவை. ஒரே ஒரு வார்த்தை. டீ ஆற்றிக்கொண்டே சொல்லியிருக்கலாமே! "நாந்தான் கண்ணு புகார் குடுத்தேன்" என்றாள் வேலாமணி. இந்துமதி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "எங்க கூட்டிட்டுப் போனாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்டேஷனில் எட்மண்டின் முகம் செத்துப்போயிற்று. "எந்த ஊருன்னு கேட்டேம்மா. அப்புத்தளைன்னாரு. கீழ சத்தியமங்கலம் பக்கம் ஏதோ கிராமம்னு நெனச்சு மேட்டுப்பாளையம் பஸ்ல ஏத்தி விட்டேன்."

"அது சிலோன்ல இருக்கு சார்" என்றாள் இந்துமதி.

சீசன் உச்சத்தில் கடையைச் சாத்திவிட்டு வேலாமணியும் அவளோடு கீழே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினாள். பஸ் ஸ்டாண்ட், கோயில் வாசல், ஆஸ்பத்திரி, சந்தை. ரெண்டு நாள் வெயிலில் அலைந்தார்கள். ஒரு பூக்காரி மட்டும் சொன்னாள்: "காக்கிக் கோட்டுத் தாத்தாவா? பெரட்டுக்கு நேரமாச்சுன்னு மலை ரோட்டப் பாத்து நடந்து போனாருங்க."

மூன்றாம் நாள் எட்மண்ட் போன் செய்தார். பர்லியார் பழப்பண்ணைக்குக் கொஞ்சம் மேலே, மலை ரோட்டோரம் கிடந்தாராம். எழுபத்தெட்டு வயசில் அத்தனை வளைவும் ஏறியிருக்கிறார், பாவி மனுஷன். கோட்டுப் பைக்குள் நாலு பன்னும் கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

அடக்கத்தின்போது வேலாமணி கடைசி ஆளாக நின்றாள். இந்துமதி ஏசியிருந்தால்கூடத் தேவலை. அவளோ ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து, கடையில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. சின்னப் பெண் குரல்.

"வேலாமணி மேடங்களா? நீங்க ஆன்லைன்ல குடுத்த புகார் விசயமாக் கூப்பிடறேங்க. அந்தப் பெரியவர் இப்ப உங்க கடை முன்னால வர்றாருங்களா?"

"இல்லீங்க."

"அப்ப பிரச்சனை தீர்ந்துருச்சுன்னு போட்டுக்கலாமுங்களா? உங்களுக்குத் திருப்திதானுங்களே?"

வேலாமணி வாசலைப் பார்த்தாள். குச்சி தட்டின இடத்தில் மண் இன்னும் குழிந்திருந்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள். "இருக்கேன்" என்று மறுபடி சொன்னாள். டீ குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை சொல்லும்போது அந்தப் பெண் போனை வைத்துவிட்டாள். வேலாமணி மிச்ச ரெண்டு பேருக்கும் சொல்லி முடித்தாள்.