ஐந்து எண்ணுவதற்குள்

பந்தைப் பறிகொடுத்தால் ஐந்து எண்ணுவதற்குள் திரும்பப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் முதல் உதை முன்னால் போக வேண்டும். ஜப்பானின் யாய்சு துறைமுகத்துக் கடற்சுவருக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு ஆறு வருஷமாக நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஆறுக்கு ஆறாகப் பிரித்து ஆடவிட்டு, பந்து கட்சி மாறிய கணமே "மாறு!" என்று கத்துவேன். தாக்கப் போனவள் காக்கத் திரும்ப வேண்டும். போன பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் எங்களிடம் பெரிய குற்றம்.

"எங்களைத் திரும்பு திரும்புன்னு கத்துறீங்க, உங்க தொப்பை மட்டும் முன்னாடியே போய்க்கிட்டிருக்கே, கோச்!" என்பாள் கோல் காக்கும் ஹினானோ. எல்லோரும் சிரிப்பார்கள்.

நாகிசா இடது ஓரத்தில் ஆடுபவள். முன்னால் ஓடுவதைவிட வேகமாகத் திரும்பி வருவாள். அவளுடைய அப்பா மகினோ தூரக்கடல் மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தார். வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில்தான். ஊரில் இருக்கும் நாட்களில் கோட்டோரம் குந்தி உட்கார்ந்து மகள் ஆடுவதைப் பார்ப்பார். பேசக் கூச்சப்பட்டு, கடையில் வாங்கிய சூடான காபி டப்பா ஒன்றை, குடிக்கச் சொல்லி என் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார்.

அரையிறுதிக்கு நான்கு நாள் முன்பு, புதன்கிழமை, கப்பலிலிருந்து செய்தி வந்தது. தூண்டில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம், எழவில்லை. உடல் ஊர் வந்து சேர ஒரு மாதமாகும்.

வியாழன் மாலை நாகிசா பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ வீட்டுல இருக்கலாமேம்மா."

"வீட்டுல எல்லாரும் சும்மா உட்கார்ந்தே இருக்காங்க, கோச்."

ஆட்டத்தின் நடுவே அவள் காலிலிருந்து பந்து போயிற்று. அவள் அப்படியே நின்றுவிட்டாள், கைகள் தொங்க. என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள் என் வாய் பழக்கத்தில் கத்திவிட்டது: "மாறு, நாகிசா!" விலுக்கென்று திரும்பி ஓடினாள். பந்தைப் பிடுங்கிக்கொண்டும் வந்தாள்.

ஞாயிறன்று ஒரு கோலில் ஜெயித்தோம். அந்த கோலும் அவள் மீட்டுக் கொடுத்த பந்தில் விழுந்ததுதான். மற்ற பிள்ளைகள் கட்டிக்கொண்டு அழுதபோது அவள் தண்ணீர்ப் புட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு மனஉறுதி பாருங்க" என்று எதிரணிப் பயிற்சியாளரிடம் பெருமையாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவள் அம்மா எனக்காகக் காத்திருந்தாள்.

"கோச், தப்பா எடுத்துக்காதீங்க. அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"ஏன், நாகிசா அம்மா?"

"இன்னும் ஒரு சொட்டு அழலை அவ. நான் அழ ஆரம்பிச்சா பக்கத்துல வந்து உட்கார்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறா. அஞ்சு ஆனதும் 'மாறும்மா'ங்கிறா."

சொல்லிவிட்டு, தொந்தரவுக்கு மன்னிக்கும்படி குனிந்து வணங்கினாள். குனிந்திருக்க வேண்டியவன் நான்.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடி வீடு. நாகிசா எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் சொல்லிக்கொடுத்தது பந்துக்கு மட்டும்தாம்மா. இதுக்கு இல்ல. அழுகை வந்தா அழு. நிக்கணும்னு தோணினா நில்லு, எவ்வளவு நேரம் வேணும்னாலும்."

அவள் முகம் வெளுத்தது. "அப்போ இறுதியாட்டத்துல என்னை வெளியே உட்கார வெச்சிடுவீங்களா?"

"அய்யோ, இல்லம்மா."

"நின்னா கோல் விழுந்துடுமே, கோச்."

உள்ளறையில் அவள் அம்மா அலமாரியிலிருந்து கணவரின் மெத்தையை இழுத்துக்கொண்டிருந்தாள். "அவரைக் கொண்டுவந்ததும் இதுலதானே படுக்க வைக்கணும். வெயில்ல போடலாம்னு..." என்றாள் என்னைப் பார்த்து. நாகிசா ஓடிப்போய் அதை வாங்கி பால்கனிக் கம்பியில் விரித்துப் போட்டாள். சுவரில் மாட்டியிருந்த, மெத்தைத் தூசி தட்டும் பிரம்பை எடுத்தாள்.

"நான் தட்டுறேம்மா."

விடைபெற்றுத் தெருவுக்கு வந்தேன். மேலே தட்டும் சத்தம் கேட்டது. முதலில் நிதானமாக, ஒரே சீராக. வெயிலில் தூசி எழுந்து மெல்லக் கலைந்தது. பிறகு சீர் குலைந்தது. தூசி வருவது நின்ற பிறகும் அடி நிற்கவில்லை. அம்மா வந்து அவள் பின்னால் நின்றாள், பிரம்பை வாங்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. வெறும் மெத்தையின் மேல் அடி விழுந்துகொண்டே இருந்தது.