புழுங்கல் அரிசிக்கு மாறிய வீடு

கல்யாணமாகி ஒன்பதாம் வருடம், 1931இல், மலாயாவின் பாலோ ஊர் ரயில்வே குவார்ட்டர்ஸில் அன்னலட்சுமிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ஏரம்பமூர்த்தி அன்று வந்த ரயில்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். கார்டு, டிரைவர், டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவன் என்று ஒருவரும் தப்பவில்லை.

தாயையும் பிள்ளையையும் பார்க்க அவருடைய அக்கா செல்லப்பாக்கியம் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்திருந்தாள். பத்தியம் முழுக்க அவள் கையில். வேளா வேளைக்கு, நன்றாகத் தீட்டிய சயாம் நாட்டு வெள்ளரிசிச் சோறு, மிளகு தூக்கலாக ஒரு கறி, துண்டுக் கருவாடு. கீரை குளிர்ச்சி, பயறு வாய்வு, முட்டை சூடு என்று விலக்கிவிட்டாள். அன்னலட்சுமி மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள். பாலுக்குக் குறைவில்லை.

இரண்டாம் மாதம் குழந்தை பாலைக் கக்கத் தொடங்கியது. அழ வாயைத் திறக்கும், முகம் சிவக்கும், சத்தம் மட்டும் வராது.

"அடக்கமான பிள்ளை," என்றாள் செல்லப்பாக்கியம்.

அன்னலட்சுமி குழந்தையை வாரித் தூக்கினாள். "இஞ்சேருங்கோ, இது அடக்கமில்லை. நேர்ஸைக் கூப்பிடுங்கோ," என்றாள் கணவனிடம்.

அவர் குளுவாங் ஆஸ்பத்திரிக்குத் தந்தியடித்தார். அடுத்த ரயிலிலேயே நர்ஸ் கத்தரின் வந்து இறங்கினாள். ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து முன்னேறியவள். குழந்தையைப் பார்த்துவிட்டு, தாயின் காலை அழுத்திப் பார்த்தாள்.

"கால் மரத்துப் போகுதாக்கா?"

"ஓம், ரெண்டு கிழமையா. பிள்ளை பெத்த அலுப்பெண்டு நினைச்சன்."

"என்ன சாப்பிடுறீங்க?"

அன்னலட்சுமி சொன்னாள். கத்தரின் சமையலறைக்குப் போய் ஒரு பிடி அரிசியோடு வந்தாள்.

"இது பெரிபெரி. அரிசியைத் தீட்டும்போது சத்து தவிட்டோட போயிருது. உங்க சாப்பாட்டுல இல்லாதது பால்ல எப்படி வரும்? பால் நிறைய இருக்கு, பிள்ளைக்கு வேண்டியது அதுல இல்ல."

செல்லப்பாக்கியத்தின் முகம் வாடியது. "நான் குடுத்த சோறோ இப்பிடிச் செய்தது?"

"நல்ல அரிசின்னு நெனைச்சுத்தானே கொடுத்தீங்கம்மா. எங்க தோட்டத்துல புழுங்கல்தான் சாப்பிடுவோம். அங்க யாருக்கும் இது வந்து நான் பார்த்ததில்ல."

குழந்தைக்குத் தவிட்டைக் காய்ச்சி வடித்த சாறு, தாய்க்குப் புழுங்கல் சோறு, பச்சைப்பயறு, முட்டை, கீரை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏரம்பமூர்த்தி தொப்பியைக்கூடக் கழற்றாமல், பக்கத்துத் தோட்டத்துக் கடையிலிருந்து ஒரு மூட்டைப் புழுங்கலைத் தள்ளுவண்டியில் தானே தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் தோட்டத்து அரிசியா என்று கடைத்தெருவே பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கக்கல் நின்றது. பத்தாம் நாள் காலை, மெயில் வண்டி பிளாட்பாரத்தில் நிற்கும்போது குழந்தை வீரிட்டு அழுதது. பச்சைக் கொடியைக் கையில் பிடித்தபடியே ஏரம்பமூர்த்தி வீட்டுக்கு ஓடினார். அன்னலட்சுமி சிரிப்பும் கண்ணீருமாகக் குழந்தையை நீட்டினாள். இருவரும் அதைச் சமாதானப்படுத்த மறந்து கேட்டுக்கொண்டே நின்றார்கள். வண்டி நான்கு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் அவர் 'வீட்டில் விசேஷம்' என்று எழுதினார்.

மறுமாதம் வந்த கத்தரினைச் செல்லப்பாக்கியம் உட்காரவைத்துப் பரிமாறினாள். "அந்தத் தவிட்டுச் சாறு காய்ச்சிற விதத்தை எழுதித் தா பிள்ளை. செடெனாக் ஸ்டேஷனில ஒருத்திக்கு இது பிள்ளை பெறுற மாதம். ஊருக்கும் அனுப்பவேணும்."

அன்னலட்சுமி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தட்டை நீட்டினாள்.

"மச்சாள், எனக்கு இன்னொரு அகப்பை பயறு."