ஆமெனுக்குப் பிறகு

நாங்கள் சீர்திருத்த சபைக்காரர்கள். சாப்பிடும் முன் கை கோத்து, கண்மூடி ஜெபிப்போம், அவ்வளவுதான். சிலுவை போடுவது கத்தோலிக்கர் வழக்கம். எங்கள் ஃப்ரீஸ்லாந்துக் கிராமத்தில் மருந்துக்குக்கூட ஒரு கத்தோலிக்கர் கிடையாது.

ரின்ஸ்கே எங்களிடம் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஏழு வயது யூதக் குழந்தை; நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மன்காரர்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தோம். அவளுடைய உண்மைப் பெயரை நாங்கள் கேட்கவில்லை. ரோட்டர்டாமில் இருக்கும் என் தங்கையின் மகள், சளித் தொந்தரவுக்குக் காற்று மாற வந்திருக்கிறாள் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தோம்.

அன்று மதியம் உருளைக்கிழங்குச் சட்டியை மேசையில் வைக்கும்போது போலீஸ்காரன் வைப்ரன் உள்ளே வந்தான். உள்ளூர்க்காரன்தான். ஆனால் ஜெர்மன்காரர்களுக்கு ஆள் காட்டிக்கொடுப்பவன்.

"ஜெபம் பண்ணுங்கக்கா, நான் நிக்கிறேன்" என்றான்.

என் கணவர் ஹார்மன் ஜெபித்தார். எனக்குக் கண்ணை மூடவே தைரியமில்லை. ஆமென் சொன்னதும் ரின்ஸ்கே நெற்றி, நெஞ்சு, இரு தோள் என்று மளமளவென்று சிலுவை போட்டாள். முன்பு அவளை ஒளித்து வைத்திருந்த கத்தோலிக்க வீட்டில், பிழைப்பதற்காகக் கற்றுக்கொடுத்தது. இங்கே அது கூடாது என்று சொல்ல எங்கள் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

"என்னக்கா, உங்க வீட்டுல எப்பலேர்ந்து இந்தப் பழக்கம்?"

ஹார்மன் வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

"ஏன் தம்பி மானத்த வாங்குற? என் தங்கச்சி ஒரு கத்தோலிக்கனோட ஓடிப்போயிட்டா. இது அவன் புள்ள. வெளியில சொல்லிடாத, உன் கால்ல விழறேன்."

பாவம், என் தங்கை. ஓடுவதென்ன, ஞாயிற்றுக்கிழமை உரக்கச் சிரிக்கக்கூட மாட்டாள்.

வைப்ரன் குழந்தை முகத்தருகே குனிந்தான். "உங்க அப்பா பேரு என்ன பாப்பா?"

அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அப்பாவப் பத்திப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் ரின்ஸ்கே, தலை குனிந்து.

வைப்ரன் வயிறு குலுங்கச் சிரித்தான். "பேசக் கூடாதாமே! சபை மூப்பரா ஊர்க் குத்தமெல்லாம் எண்ணுனாரேக்கா உங்கப்பா, அவரு வீட்டுலயா இது!" சட்டியிலிருந்து ஒரு கிழங்கை எடுத்துக் கடித்துக்கொண்டே போனான். சாயங்காலத்துக்குள் ஊரே இந்தக் கதையை நம்பி எங்களைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கதவைத் தாழிட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். உடம்பு விறைத்திருந்தது.

"பெரியம்மா," என்றாள், "அடுத்து என்னைய அனுப்பப்போற வீட்டுல எப்படி சாமி கும்பிடணும்? இப்பவே சொல்லிக்குடுங்க."