சீனுவின் கார் வெளியாகும் நாள்

மனைவி மங்கலம் காலமான பிறகு சேஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது ஒரு டெலிபோன் மணி மட்டும்தான். ஜெர்மனியில் கார் கம்பெனி ஒன்றில் எஞ்சினியராக இருக்கும் மகன் சீனு கூப்பிடுவான். அவனும் சேர்ந்து உருவாக்கும் கார், பணக்காரர்களுக்காகப் பந்தய வண்டியின் வேகத்தோடு செய்யப்படும் நாலு கதவுக் கார், இன்னும் வெளியாகவில்லையாம். "வெளியாகட்டும்ப்பா, லீவு தருவா, உடனே வரேன்" என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

2005 ஜனவரியில், ஊரின் பணக்காரப் பகுதியான கவடியாரில் அந்தக் கம்பெனியின் ஷோரூம் திறந்திருப்பதைப் பேப்பரில் பார்த்ததும் சேஷன் தன் வீடு இருந்த ஸ்ரீவராகத்திலிருந்து பஸ் ஏறிவிட்டார்.

அங்கே விற்பனையைக் கவனித்த ஷைலஜா பாறசாலைக்காரி; பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். வேட்டி கட்டிய கிழவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். இந்த ஊரில் உடுப்பை வைத்துப் பணக்காரரைக் கண்டுபிடிக்க முடியாது.

"அங்கிளுக்கு ஏது கலர் வேணும்?"

"எனக்கு சைக்கிள்லயே பேலன்ஸ் வராதும்மா. அந்தப் புது வண்டி எப்போ வரும், என்ன விலைன்னு தெரிஞ்சா போறும்."

"ஏப்ரல்ல வரும். விலை இப்ப சொல்லப் பற்றாது அங்கிளே."

ஏன் என்று கேட்டார். விளக்குவதென்றால் ஷைலஜாவுக்குக் கொள்ளை ஆசை. இப்படிப்பட்ட வண்டியை இங்கே செய்வதில்லை, முழுசாகக் கப்பலில் வருகிறது. துறைமுகத்தில் போடும் வரியிலேயே விலை இரட்டிப்பாகிவிடும். அந்த வரி பிப்ரவரி பட்ஜெட்டில் கூடலாம், குறையலாம். யூரோவும் ஒரு நிலையில் நிற்பதில்லை. ஆகவே பட்ஜெட் வந்த பிறகுதான் விலை, விலை முடிவான பிறகுதான் வண்டி.

"அப்போ ஜெர்மனியிலயும் ஏப்ரல்தானா?"

"அது கொள்ளாம், நல்ல கேள்வி! அங்க போன வருஷம் மார்ச்சிலேயே ரோட்டில எறங்கியாச்சு. நமக்கு எப்பவும் கடைசிப் பந்திதான்."

சேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சீனு சொன்னது பொய்யாகாமல் தப்பிக்க ஒரு வழி இருப்பதாகப் பட்டது.

"நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம். அதுக்குத் தனியா வேலை இருக்குமில்லையா?"

"பின்னே! ஸ்டியரிங் மாறினா உள்ள பைப்பு, வயர் எல்லாம் வழி மாறணும். மறுபடியும் ஓட்டிப் பாக்கணும்." அவர் முகம் தெளிவதைப் பார்த்து அவளுக்கு உற்சாகம் கூடியது. "அதும் முடிஞ்சாச்சு அங்கிளே. லண்டன்ல போன ஓணத்துக்கு முன்னேயே விற்கத் தொடங்கியாச்சு."

அவள் வரவழைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. சேஷன் எழுந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது.

"இன்னும் கொஞ்ச நாள்ப்பா. டெஸ்டிங் இழுத்துண்டே போறது."

கேட்காமல் விட்டுவிடுவது என்றுதான் இருந்தார். கேட்டால் அடுத்த ஞாயிறு மணி அடிக்காமலே போகலாம். ஆனாலும் மனசு அடங்கவில்லை.

"வண்டி வந்துடுத்தேடா, சீனு. லண்டன்லகூட விக்கறாளாம்."



"அம்மா இல்லாத ஆத்துக்குள்ள எப்படி நுழையறதுன்னு தெரியலைப்பா."

"அந்த ஆத்துலதானேடா நான் இருக்கேன்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று சேஷன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். கட்டாகவில்லை. சீனு கேட்டான்:

"என்ன சாப்ட்டேப்பா?"

இத்தனை நாளில் அவன் இதைக் கேட்டதே இல்லை.

"நேத்து வச்ச ரசம்" என்றார் சேஷன். எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை.