சும்மா வீட்டில் இருந்தவள்

மருமகளுக்கு வேலை கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மாமியார் அன்று நேர்முகத் தேர்வுக்குக் கூடவே கிளம்பினார். வெளியே சொன்ன காரணம் வேறு. தனியாக விட்டுப் போனால் விழுந்து தொலைப்பேன், அப்புறம் என்மேல் பழி போடாதே என்று காலையிலேயே ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தார். மகன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். வாரத்தில் பாதி நாள் ஏதாவது ஓர் ஊரில் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் இருப்பான். பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு வைத்துவிட்டுப் போகட்டுமா என்று மருமகள் கேட்டாள். அவள் வாயைத் திறந்தால் மூடமாட்டாள், எனக்குத் தலைவலி வந்துவிடும் என்று மாமியார் அதற்கும் முட்டுக்கட்டை போட்டார். அந்தத் தெருவில் வாயைத் திறந்தால் மூடாத இன்னொருவர் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

மருமகள் நர்ஸிங் படித்து முடித்த கையோடு கல்யாணம். கல்யாணமான கையோடு மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன், படுக்கை, அப்புறம் வாக்கர் என்று மூன்று வருஷம் ஓடியே போயிற்று. இப்போது அவள் வேலை தேடிப் போகிற இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: முன் அனுபவம் உண்டா? இல்லையென்றால், அனுபவத்தோடு வாம்மா என்று அனுப்பிவிடுகிறார்கள். முதல் வேலையையே கொடுக்காதவர்கள் அனுபவம் எந்தக் கடையில் கிடைக்கும் என்றாவது சொல்லி அனுப்பலாம். அப்படித் திரும்பி வருகிற சாயங்காலங்களில் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மாமியாரின் குதிகாலுக்குக் க்ரீம் தடவுவாள். அந்த முகத்தைப் பார்க்க மாமியாருக்குப் பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்க்கும். அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே வெட்கமாகவும் இருக்கும்.

ஒரு ரகசியமும் இருந்தது. மாமியாரால் இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்து தானாகவே எழுந்துகொள்ள முடியும். கதவைச் சாத்திக்கொண்டு பலமுறை எழுந்து பார்த்தாயிற்று. ஆனால் மருமகள் வீட்டில் இருந்தால் மட்டும், "அம்மாடி, கை குடு" என்று குரல் கொடுப்பார். அவளும் எந்த வேலையாக இருந்தாலும் போட்டது போட்டபடி வந்து கையை நீட்டுவாள். ஈரக் கையாக இருந்தால் துடைத்துக்கொண்டு நீட்டுவாள். வாய்விட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பழக்கமில்லாத மனுஷிக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேறு வழி தெரியவில்லை. அவள் வேலைக்குப் போய்விட்டால் அந்தக் கை யார் யாரையோ பிடிக்கப் போய்விடும். மாமியாருடைய பயமெல்லாம் அதுதான்.

ஆகவே பஸ்ஸில் வரும்போதே மனதுக்குள் ஒரு புகார்ப் பட்டியலைக் கோத்துத் தயாராக வைத்திருந்தார். இவள் ஒரு கொடுமைக்காரி, இவளை நம்பி நோயாளிகளை விடாதீர்கள் என்று யார் காதிலாவது போட்டுவிட்டால் போதும்.

அது சின்ன ஆஸ்பத்திரிதான். வராந்தாவில் பினாயில் வாடை. வார்டின் மூலையில் தலைமை நர்ஸின் அறை. மருந்து அலமாரியும் மேஜையும் போக இரண்டு பேர் உட்காரத்தான் இடம். தலைமை நர்ஸ் கனத்த உடம்புக்காரர். பேச்சு ஒரு பக்கம் இருந்தாலும் கண் வார்டின் மேலேயே இருக்க வேண்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருப்பவர். மாமியாரை வெளியே கைப்பிடியில்லாத ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, வாக்கரை எட்டுகிற தூரத்தில் நிறுத்திவிட்டு மருமகள் உள்ளே போனாள். உள்ளே பேசுவது அட்சரம் விடாமல் கேட்டது.

சான்றிதழ்களைப் புரட்டிய தலைமை நர்ஸ், மார்க்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு, எல்லாரும் கேட்டதையே அவரும் கேட்டார்.

"படிச்சு முடிச்சு மூணு வருஷம் ஆச்சே. இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்தே?"

"சும்மா வீட்லதான் இருந்தேன் மேடம்."

அடுத்த வார்த்தைக்காக மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. சும்மா. அவ்வளவுதானா? இடுப்பொடிந்து கிடந்த ஒரு முழு ஆளை நிமிர்த்தி உட்கார வைத்ததற்கு இவள் வைத்த பெயர் சும்மாவா? மாமியாருக்குச் சுருக்கென்றது. எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோயிற்று.

"சும்மா இருந்தாளாம், சும்மா!" என்று பெஞ்சிலிருந்தபடியே குரலை உயர்த்தினார். வார்டில் படுத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைப் புரட்டிப் புரட்டிப் போட்டாளே, அது சும்மாவா? கண்ணசந்து தூங்க விட்டிருப்பாளா? வலிக்குதுன்னு நான் கத்தக் கத்த நடக்க வெச்சா. சாப்பாட்டுல உப்பைக் கண்ணுல காட்டல. ஒண்ணுக்குப் போனாக்கூட அளந்து பாப்பா. மாத்திரையைக் குடுத்துட்டு, முழுங்கிட்டேனான்னு நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாப்பா. என்னைக் கேளுங்க, நான் சொல்றேன் இவ என்ன பண்ணிட்டு இருந்தான்னு!"

பஸ்ஸில் கோத்து வைத்திருந்த அதே பட்டியல்தான். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. ஆனால் வாயிலிருந்து வெளியே வருவதற்குள் எல்லாம் கட்சி மாறிவிட்டிருந்தது.

தலைமை நர்ஸ் எழுந்து வெளியே வந்தார். மாத்திரையை முழுங்காமல் ஏமாற்றுவீர்களோ என்று கேட்டார். ஏதோ ஒன்றிரண்டு தடவை என்று மாமியார் முனகினார். தலைமை நர்ஸ் சிரிக்கவில்லை. கனத்த உடம்போடு சிரமப்பட்டுத் தரையில் குந்தி, மாமியாரின் செருப்பைக் கழற்றி, குதிகாலைக் கையில் ஏந்திக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அடுத்த காலையும் பார்த்தார். எத்தனை மாதம் படுக்கையில் இருந்தீர்கள் என்று விசாரித்தார். அரை வருஷத்துக்கு மேல் என்றார் மாமியார்.

"முதுகுல, இடுப்புல எங்கயாவது படுக்கைப் புண்ணு வந்துச்சா?"

"புண்ணா? இவ வர விட்டாத்தானே."

தலைமை நர்ஸ் நிமிர்ந்து வாசலில் நின்ற மருமகளைப் பார்த்தார். இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று முதலில் போன இடத்தில் சொன்னதாகவும், அடிக்கடி லீவு போடுவாய் என்று அவர்கள் வேண்டாமென்றுவிட்டதாகவும் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பிறகு குரல் இன்னும் இறங்கியது.

"அதுவும் இல்லாம, எங்க அத்தையைப் பாத்துக்கிட்டதைப் போய் வேலைன்னு எப்படி மேடம் சொல்றது?"

இவளுக்கு வேலை கிடைக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்த தன்னை நினைத்து மாமியார் கூசிப்போனார்.

தலைமை நர்ஸ் சும்மா உருகிவிடுகிற ஆள் இல்லை. அதெல்லாம் சரி, இவள் டியூட்டிக்கு வந்துவிட்டால் உங்களை யார் பார்த்துக்கொள்வது என்று நேராக மாமியாரிடமே கேட்டார்.

காலையிலிருந்து மாமியார் காத்திருந்த கேள்வி. யாருமில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், கதை முடிந்தது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் எழுந்திருக்கப் போகிறாரோ என்று நினைத்து, பழக்கதோஷத்தில் அவள் கை மட்டும் தானாக நீண்டது.

மாமியார் அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார். பிடிக்கவில்லை. பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னே சாய்த்து, கைப்பிடியில்லாத அந்தப் பெஞ்சிலிருந்து ஒரே மூச்சில் எழுந்து நின்றார். நின்ற பிறகுதான் வாக்கரைத் தொட்டார்.

"என்னை எதுக்குப் பாத்துக்கணும்? என் வேலையை நானே பாத்துக்குவேன். இவளை எடுத்துக்கோங்க."

திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார் தலைமை நர்ஸ். ஆரம்பத்தில் கூடவே ஒரு மூத்த நர்ஸ் இருப்பாராம். மருமகளுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பியது. தலையைத் தலையை ஆட்டினாள்.

இருவரும் வெளியே வந்தார்கள். வாக்கர் மட்டும் டக் டக்கென்று போயிற்று. இத்தனை நாள் ஏமாற்றியதற்கு எப்போது கேட்பாளோ என்று மாமியார் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் அவரே பொறுக்கமாட்டாமல் நின்றார்.

"திட்டறதுன்னா இப்பவே திட்டிடு. எழுந்திருக்க முடிஞ்சும் உன்னைக் கூப்பிட்டுட்டே இருந்தேன்."

"அது எனக்கு எப்பவோ தெரியும் அத்தை. கையைப் பிடிப்பீங்களே தவிர, வெயிட்டே குடுக்கறதில்லையே."

"தெரிஞ்சுமா ஒவ்வொரு தடவையும் வந்தே?"

"நீங்க கூப்பிட்டீங்களே."

மாமியார் வேறெங்கோ பார்த்து மூக்கை உறிஞ்சினார். எதிரே தெருவுக்கு இறங்கும் படிகள் இருந்தன. அவற்றில் இறங்கவும் அவருக்குத் தெரியும். அது மருமகளுக்கும் தெரியும்.

"அம்மாடி, கை குடு" என்றார்.

அவள் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினாள்.